கண்டிப்பா, கனிவா: 9ஆம் வகுப்பில் ஆசிரியர் மாணவர் உறவு பற்றி ஒரு விவாத இழை

கேள்வி, 6 ஜூலை 2024

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இந்த ஜூன் மாதம்தான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். 9ஆம் வகுப்பில் 43 பேர். முதல் இரண்டு வாரம் சிரித்துப் பேசிப் பாடம் நடத்தினேன். சத்தம் அடங்கவே இல்லை. மூத்த ஆசிரியர்கள், "முதலிலேயே இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்" என்றார்கள். இப்போது முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போகிறேன். சத்தம் குறைந்துவிட்டது, ஆனால் கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. மாணவர்களோடு நல்ல உறவு வேண்டுமென்றால் கண்டிப்பை விட்டுவிட வேண்டுமா?

7 ஜூலை 2024

நான் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் 8 முதல் 10 வரை கணிதம் நடத்துகிறேன். கண்டிப்பு, கனிவு இரண்டுமே நம் முகத்தைப் பற்றிய சொற்கள். 14 வயதுப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து நம்மை எடைபோடுவதில்லை என்பது என் அனுபவம். தவறான விடை சொன்ன ஒருவனுக்கு இந்த வகுப்பில் என்ன நேர்ந்தது, நேற்று ஒருவனை மன்னித்த செயலுக்கு இன்று இன்னொருவன் ஏன் தண்டிக்கப்பட்டான், நான் எழுதிய நோட்டை இவர் உண்மையில் படித்தாரா அல்லது கையெழுத்து மட்டும் போட்டாரா என்பதைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள். ஆசிரியரைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் பெரும்பாலும் இவற்றைப் பற்றியே.

உங்கள் வகுப்பு வாய் திறக்காததற்கு உங்கள் இறுக்கமான முகம் மட்டும் காரணமாக இருக்காது. பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று அவர்கள் 6ஆம் வகுப்பிலிருந்தே கற்றுக்கொண்டு வந்திருப்பார்கள். நாளை வகுப்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். யாராவது தவறான விடை சொன்னால் அடுத்த ஐந்து வினாடிகளில் என்ன நடக்கிறது? பொதுவாக மூன்றில் ஒன்று நடக்கும்: மற்றவர்கள் சிரிப்பார்கள், அல்லது நாம் "நீ உட்கார், அடுத்து நீ சொல்லு" என்போம், அல்லது நாமே சரியான விடையைச் சொல்லிவிடுவோம். மூன்றும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வது ஒரே செய்திதான். பாடத்துக்கு வெளியே தோழமையாகப் பேசி இதை ஈடுகட்ட முடியாது. உறவைப் பாடத்துக்குள்ளேயே, தவறான விடை விழுகிற அந்த இடத்திலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

7 ஜூலை 2024, இரவு

"தவறான விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பாராட்டவா முடியும்?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். பாராட்ட வேண்டாம், விசாரித்தால் போதும். சென்ற ஆண்டு 8ஆம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மாணவி கரும்பலகையில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினாள். முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. "இந்த 2/5 எப்படி வந்தது?" என்று கேட்டேன். "மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ ரெண்டும் மூணும் அஞ்சு சார்" என்றாள். அவளிடம் ஒரு முறை இருந்தது. அது தவறான முறை, அவ்வளவுதான். வகுப்பைப் பார்த்து, "1/2, 2/5, இரண்டில் எது பெரியது?" என்றேன். தசமத்தில் மாற்றிப் பார்த்து 0.5, 0.4 என்று சொன்னார்கள். "அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறோம், விடை அரையைவிடக் குறைந்துவிட்டதே, எப்படி?" என்றதும் சிரித்தவர்களும் பலகையைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மாணவி சாக்பீஸைக் கீழே வைக்காமல் சிறிது நேரம் நின்றாள். "எங்கயோ கோட்டை விட்டிருக்கேன் சார், எங்கன்னுதான் தெரியல" என்றாள். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, வழக்கமாகப் பேசாத ஒருவன், "கீழ இருக்கறது வேற வேற, அதை எப்படிக் கூட்ட முடியும்?" என்றான். அவளே 3/6 + 2/6 என்று மாற்றி எழுதி 5/6 என்று முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அன்று நான் திட்டமிட்டிருந்த கணக்குகளில் பாதிதான் முடிந்தது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் "சார், எனக்கு இப்படி வருது" என்று எழுந்து சொல்பவர்கள் கூடினார்கள். அந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் பயமில்லாமல் சொல்லும் வகுப்பைத்தான் நல்ல உறவுள்ள வகுப்பு என்று நான் கருதுகிறேன்.

9 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில், "கேட்டுவிட்டுக் காத்திருந்தேன், அப்போதும் அமைதிதான்" என்று எழுதியிருந்தார். எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பது முக்கியம். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதற்குள் விடை வரவில்லையென்றால் கேள்வியை மாற்றினார்கள், அல்லது வேறொருவரிடம் போனார்கள். அந்த இடைவெளியை மூன்று வினாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பேசியவர்கள் கூடினார்கள், "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன. பிள்ளை விடை சொல்லி முடித்த பிறகும் அதே அளவு காத்திருக்க வேண்டும் என்பதும் அவருடைய கண்டுபிடிப்பில் ஒரு பகுதி. பலரும் இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

மூன்று வினாடி என்பது எழுதும்போது சிறிது. 43 பேர் முன்னால் நிற்கும்போது அது நீளமாக இருக்கும், கை தானாகவே பலகையைத் தேடும். முதலில் எல்லாரையும் விடையை நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, பிறகு சொல்லச் சொல்லுங்கள். எழுதி வைத்திருப்பவனுக்குப் படித்துக் காட்டுவது எளிது, காத்திருப்பது உங்களுக்கும் எளிது.

13 ஜூலை 2024

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவர் மாணவர் உ.வே.சாமிநாதையரும் இருந்த நாட்டில் உறவை எப்படி வளர்ப்பது என்று விவாதிக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு நண்பர் வருந்தியிருக்கிறார். அந்த உறவின்மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அதன் அமைப்பையும் பார்க்க வேண்டும். 1871இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் சேர்ந்த சாமிநாதையர் 1876இல் ஆசிரியர் மறையும்வரை அவரோடு இருந்தார். ஆசிரியர் போகும் ஊர்களுக்கெல்லாம் உடன்போய், அவர் பாடப்பாட அதை ஏட்டில் எழுதி, நாள் முழுவதும் அருகிலிருந்து கற்ற உறவு அது. நமக்கு ஒரு நாளைக்கு ஒரு பாடவேளை, ஏறக்குறைய 40 நிமிடம். எதிரே 40 பேருக்கு மேல். வருகைப் பதிவு எடுத்து, வீட்டுப்பாடம் பார்த்த பிறகு தலைக்கு ஒரு நிமிடம்கூட வராது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. 9ஆம் வகுப்பில் உங்களுக்கு 43. குருகுலத்து நெருக்கத்தை இங்கே எதிர்பார்த்தால், நெருங்கி வருகிற நாலைந்து பேரோடு மட்டும் உறவு வளரும். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இருந்தாலும் அந்த வரலாற்றில் நமக்குப் பயன்படும் ஓரிடம் உண்டு. வேங்கடராமன் என்ற பெயரோடு வந்த மாணவரிடம், வேறு பெயர் உண்டா என்று பிள்ளையவர்கள் கேட்டார். வீட்டில் சாமா என்று அழைப்பார்கள், அது சாமிநாதன் என்பதன் குறுக்கம் என்று தெரிந்ததும் அந்தப் பெயராலேயே அழைக்கத் தொடங்கினார். நாமும் பெயரிலிருந்து தொடங்கலாம். பிள்ளைகளுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பதிவேட்டுப் பெயர் ஒன்று இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடலாம். "ஏய் நீலப் பை", "கடைசி பெஞ்சு குட்டை" என்று கூப்பிடும் வழக்கத்தை எல்லாப் பள்ளிகளிலும் பார்க்கிறேன். அது பாசத்தில் சொல்வதாக இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

14 ஜூலை 2024

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பெயர் தெரிவது வேறு, நினைவில் இருப்பது வேறு. வகுப்பு முடிந்த பிறகு, பதிவேட்டைப் பார்க்காமல், அந்த வகுப்பிலுள்ள அனைவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதலில் வருபவை நன்றாகப் படிப்பவர்களின் பெயர்கள், அடுத்து சேட்டை செய்பவர்களின் பெயர்கள். கடைசியில் வருபவர்களும் வராமலே போகிறவர்களும்தான் நாம் இதுவரை எந்த உறவும் வைத்துக்கொள்ளாதவர்கள். என் வகுப்புகளில் அவர்கள் பெரும்பாலும் நடு பெஞ்சுகளில், சராசரி மதிப்பெண் வாங்கிக்கொண்டு, விடுப்பு எடுக்காமல், தொல்லை தராமல் இருப்பவர்கள், அதிலும் அதிகம் பெண் பிள்ளைகள். மெல்லக் கற்போர் பட்டியலில் அவர்கள் இல்லை, நூற்றுக்கு நூறு பட்டியலிலும் இல்லை, ஆகவே அவர்களைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சு வருவதில்லை. அந்தத் தாளில் விடுபட்டவர்களின் நோட்டுகளை அந்த வாரம் முதலில் திருத்துவது என்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

21 ஜூலை 2024

சத்தத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. கேட்டவருக்கு அதுதான் அன்றாடக் கவலை.

வகுப்புத் தலைவன் பலகையில் "பேசியவர்கள்" என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதி வைப்பதும், ஆசிரியர் வந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தண்டிப்பதும் நம் பள்ளிகளில் எவரும் கேள்வி கேட்காத வழக்கம். அடிக்கடி பேசுகிறவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு, எத்தனை தடவை என்றும் எழுதுவார்கள். நாம் காணாத ஒன்றுக்கு, இன்னொரு பிள்ளையின் சொல்லை மட்டும் நம்பித் தண்டிக்கிறோம். தலைவனின் நண்பர்கள் பெயர் அதில் வராது என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு பட்டியலால் நம் நியாய உணர்வின்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கையும் போகிறது, தலைவனுக்கும் மற்றவர்களுக்கும் பகையும் வளர்கிறது. என் வகுப்புகளில் அதை நிறுத்தினேன். ஆசிரியர் இல்லாத வேளையில் செய்வதற்குப் பலகையின் ஓரத்தில் ஒரு கணக்கு எப்போதும் இருக்கும். சத்தம் முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் அந்தச் சத்தத்தில் பாதி கணக்கைப் பற்றியதாக இருக்கிறது.

அடுத்தது, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் வரலாம்" என்பது. எங்கள் பகுதியில் பல பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை அப்பாவை அழைத்து வர முடியாது. பாட்டியின் ஒரு நாள் கூலி வேலையைக் கெடுக்கவும் மனம் வராது. ஆகவே அவன் பள்ளிக்கு வராமல் இருந்துவிடுகிறான். இரண்டு வாரம் வராதவன் பிறகு வரவே கூச்சப்படுகிறான். இடைநிற்றல் என்று நாம் பதிவு செய்பவற்றில் சில இப்படித் தொடங்கியவைதான். கண்டிக்க வேண்டியதை அன்றே, வகுப்பு முடிந்ததும், தனியாக, இரண்டு நிமிடத்தில் கண்டித்து முடித்துவிட வேண்டும். அடுத்த நாள் அதை மீண்டும் எடுக்கக் கூடாது. அடுத்த நாள் காலையில் அவனிடம் முதலில் பேசுவது பாடத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஆகவே கண்டிப்பை விட வேண்டாம். இன்று என்ன விதியோ நாளையும் அதே விதி, எனக்கு என்ன விதியோ முதல் மதிப்பெண் வாங்குபவனுக்கும் அதே விதி என்று இருக்கும் கண்டிப்பைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். நம் மனநிலையைப் பொறுத்து மாறும் கண்டிப்பைத்தான் வெறுக்கிறார்கள்.

22 ஜூலை 2024

"எங்கள் வாத்தியார் அடித்ததால்தான் நாங்கள் உருப்பட்டோம்" என்று எழுதியவருக்கு: அதே வகுப்பில் அதே அடியை வாங்கி, 7ஆம் வகுப்போடு நின்றுபோனவர்கள் இந்த இழையில் எழுதப் போவதில்லை. அவர்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சட்டத்திலும் இது முடிந்துபோன விவாதம். தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் 2003இலேயே திருத்தப்பட்டு உடல்ரீதியான தண்டனை தடை செய்யப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. இரண்டாவதைத்தான் நாம் கவனிப்பதில்லை. "நீயெல்லாம் எதுக்குப் படிக்க வர்ற, மாடு மேய்க்கப் போ" என்பது அந்தப் பிரிவுக்குள் வரும். மாடு மேய்ப்பவரின் மகன் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும்.

4 ஆகஸ்ட் 2024

யார் எங்கே உட்காருவது என்பது உறவில்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவும் உறவுதான், தென்மாவட்டங்களில் மட்டுமல்ல, எல்லா இடங்களிலும்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதியின் பெயரால் உடன்படிக்கும் மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை இந்த ஜூன் மாதம் முதலமைச்சரிடம் தரப்பட்டது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குவது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டுவதைத் தடுப்பது ஆகியவற்றோடு, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் பார்த்துக்கொள்வது போன்ற பரிந்துரைகளும் அதில் உள்ளன. நாளிதழ்களில் கயிறு பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வகுப்பாசிரியருக்கு அதைவிட முக்கியமானவை இந்தக் கடைசி இரண்டும்தான்.

பிள்ளைகள் தாங்களாகவே இடம்பிடித்து உட்கார்ந்தால் தெருவின் வரைபடம் அப்படியே பெஞ்சுகளில் வந்துவிடும். பாசத்தின் பெயரால், "யார் பக்கத்தில் பிடிக்கிறதோ அங்கே உட்காருங்கள்" என்று விடும் ஆசிரியர் அதை அங்கீகரிக்கிறார். நான் அகர வரிசையில் தொடங்கி, மாதம் ஒருமுறை வரிசைகளை நகர்த்துகிறேன். அகர வரிசையிலும் ஒரு குறை உண்டு. அதை மாற்றாமல் ஆண்டு முழுவதும் வைத்தால் "வ", "ஸ" பிள்ளைகள் கடைசி பெஞ்சிலேயே இருந்துவிடுவார்கள்.

உதவித்தொகைப் படிவம் நிரப்பும் காலத்தில் வகுப்பில் நின்றுகொண்டு, "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று கூப்பிடும் குரலை நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கேட்டிருக்கிறேன். சொன்னவருக்குத் தீய எண்ணம் எதுவும் கிடையாது, அவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும். எழுந்து நின்ற ஒரு பிள்ளை, எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு நின்றான், உட்கார்ந்த பிறகு அதைத் திறக்கவில்லை. அந்த நாளுக்கு முன் அந்த வகுப்பில் எவ்வளவு அன்பு காட்டப்பட்டிருந்தாலும் அது போதாது. படிவங்களை ஒவ்வொருவராக அழைத்துத் தனியாகத் தருவதற்கு ஒரு மதிய உணவு இடைவேளை செலவாகும், அவ்வளவே.

11 ஆகஸ்ட் 2024

"இவன் தேறமாட்டான்" என்ற எண்ணம் மனதில் இருந்தாலும் வெளியே காட்டாமல் இருந்தால் போதாதா என்ற கேள்விக்கு: காட்டாமல் இருக்க முடியாது. 1968இல் ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில், ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, "இந்த ஆண்டு இவர்கள் வேகமாக முன்னேறுவார்கள் என்று தேர்வு காட்டுகிறது" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். தேர்வு அப்படி எதையும் காட்டவில்லை. ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிக முன்னேற்றம் காட்டினார்கள். எதிர்பார்ப்பு ஆசிரியர் காத்திருக்கும் நேரத்தில் தெரிகிறது, கேட்கும் கேள்வியின் தரத்தில் தெரிகிறது, நோட்டில் எழுதும் குறிப்பின் நீளத்தில் தெரிகிறது. "நன்று" என்று ஒரு சொல் எழுதுவதற்கும், "மூன்றாவது வரியில் குறி மாறிவிட்டது, மற்றவை சரி" என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை உடனே படித்துவிடுவான்.

13 ஆகஸ்ட் 2024

மேலே நான் எழுதியதை முழு உண்மையாக எடுத்துச் செல்ல வேண்டாம். அந்த ஆய்வில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம்தான். மேல் வகுப்புகளில் அப்படித் தெரியவில்லை. பயன்படுத்திய தேர்வு பற்றியும் கடுமையான விமர்சனங்கள் வந்தன. 9ஆம் வகுப்புக்கு வரும் பிள்ளையைப் பற்றி எட்டு ஆண்டுகளாகப் பல ஆசிரியர்கள் பலவிதமாக எண்ணியிருக்கிறார்கள். அவனும் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். நம் ஒருவருடைய எதிர்பார்ப்பு அதை மாற்றிவிடும் என்று நம்புவது மிகை. அவனுக்குப் பின்னங்கள் தெரியாவிட்டால் அவனை நம்புவதால் மட்டும் தெரிந்துவிடாது. 5ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கிக் கற்றுத் தர வேண்டும், அதையும் மற்றவர்கள் முன் அவன் தலைகுனியாதபடி செய்ய வேண்டும். "உன்னால் முடியும்" என்று சொல்வதைவிட, காலை வழிபாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து மீச்சிறு பொது மடங்கு சொல்லித்தருவதில் நம்பிக்கை அதிகம் தெரியும்.

கேள்வி கேட்டவர், 25 ஆகஸ்ட் 2024

எழுதச் சொல்லிவிட்டுக் கேட்பது வேலை செய்கிறது. இப்போது ஆறேழு பேர் பேசுகிறார்கள், சத்தமும் கூடியிருக்கிறது. சில மாணவிகள் சொந்தப் பிரச்சினைகளையும் என்னிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கைபேசி எண் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

1 செப்டம்பர் 2024

வேண்டாம். பாடம் சார்ந்த செய்திகளுக்குப் பெற்றோர் இருக்கும் வகுப்புக் குழு போதும். தனிப்பட்ட எண்ணில், இரவு நேரத்தில், ஒரு மாணவியோடு பேசும் உறவு, ஆசிரியர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், பிள்ளைக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்கு எது நல்லது என்று ஆசிரியர் ஒருவரே முடிவு செய்யும் நிலை வந்துவிடக் கூடாது. பேச வேண்டுமென்றால் பகலில், மரத்தடியில், எல்லார் கண்ணும் படும் இடத்தில் பேசலாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்வதை நான் வகுப்பில் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் தலைமையாசிரியரிடமும், உதவி செய்யக் கூடியவர்களிடமும் சொல்வேன்." பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு பிள்ளை சொன்னால், 2012 போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை, இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. குழந்தை திருமண ஏற்பாடு என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் தங்கள் புகாரை எழுதிப் போடப் பள்ளிகளில் வைத்திருக்கும் "மாணவர் மனசு" பெட்டியையும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணையும் ஏதோ சுவரொட்டி போல விட்டுவிடாமல், அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பாடவேளையில் விளக்குங்கள். நம்மிடம் சொல்ல விரும்பாத பிள்ளைக்கும் வழி இருக்க வேண்டும். நம்மைப் பற்றியே புகார் சொல்ல வேண்டியிருந்தாலும் வழி இருக்க வேண்டும்.

சத்தம் கூடியது பற்றி: என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாள் பெஞ்சுகளுக்கிடையே நடந்துகொண்டே கேட்டுப் பாருங்கள். பாடத்தைப் பற்றி என்றால் விட்டுவிடுங்கள்.

9 அக்டோபர் 2024

காலாண்டு விடைத்தாள் தரும் வாரம் இது. மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்து, அதிலும் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தாளைத் தருவது பல பள்ளிகளில் இன்றும் நடக்கிறது. நான்கு மாதம் பொறுமையாகக் கட்டியது அந்த ஒரு பாடவேளையில் போய்விடும்.

நான் தாளை மடித்து, மதிப்பெண் உள்ளே இருக்கும்படி மேசையில் வைத்துவிடுவேன். வகுப்பு தொடங்கியதும் முதல் வேலை: இழந்த மதிப்பெண்களில் எவை கவனக்குறைவால் போனவை, எவை தெரியாமல் போனவை என்று ஒவ்வொருவரும் தன் தாளிலேயே பென்சிலால் குறித்துக்கொள்வது. இதில் பெரும்பாலும் பிள்ளைகள் எல்லாவற்றையும் கவனக்குறைவு என்றே குறிப்பார்கள். அப்போது பக்கத்தில் போய், "இதை இப்போது போட்டுக் காட்டு" என்றால் உண்மை தெரிந்துவிடும். நம் கூட்டலில் தவறு இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் சொல்லுங்கள். சென்ற ஆண்டு ஒருவன் வந்து, "சார், எனக்கு ரெண்டு மார்க் அதிகமாப் போட்டிருக்கீங்க" என்றான். குறைத்துத் தாருங்கள் என்று கேட்டு வந்த பிள்ளை அவன். குறைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவன் நேர்மையை வகுப்பில் சொல்லிப் பாராட்டலாம் என்று தோன்றியது. ஆனால் அவன் தனியாக வந்து சொன்னதால் தனியாகவே சொன்னேன்.

20 அக்டோபர் 2024

பதவி உயர்விலோ பணி நிரவலிலோ (உபரி ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு அனுப்புவது) ஆண்டின் நடுவே மாறுதல் வந்தால் இந்த உறவெல்லாம் என்னாகும் என்று ஒரு சக ஆசிரியர் கேட்கிறார். உறவைக் கைமாற்ற முடியாது. வகுப்பைப் பற்றிய அறிவைக் கைமாற்றலாம். வழக்கமாக நாம் ஆசிரியர் அறையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவது, "அந்த மூணு பேர்கிட்ட உஷாரா இருங்க" என்பதுதான். புதிதாக வருபவர் அந்த மூவரைப் பார்க்கும் முன்பே அவர்களைப் பற்றி முடிவு செய்துவிடுகிறார். ஆசிரியரின் எதிர்பார்ப்பு பற்றி ஆகஸ்டில் நான் இங்கே எழுதிய ஆய்வை எவ்வளவு ஐயத்தோடு படித்தாலும், இந்த வேலையை நாம் செய்யாமல் இருப்பது நல்லது.

நான் மாறுதலில் வந்தபோது எனக்கு முன்னிருந்த ஆசிரியை ஒரு 40 பக்க நோட்டை விட்டுச் சென்றிருந்தார். மாணவர் ஒருவருக்கு அரைப்பக்கம். குணம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "எதிர்க்குறி எண்களைக் கழிப்பதில் நின்றுவிடுகிறாள்." "பலகைக்கு வரமாட்டான், நோட்டில் சரியாகப் போடுவான்." "முதல் பேருந்து தவறினால் இரண்டாம் பாடவேளைக்குத்தான் வர முடியும், காரணம் கேட்க வேண்டாம்." "வடிவியல் மிகவும் பிடிக்கும். கடினமான கணக்குகளை இவளிடம் கொடுக்கவும்." அந்த நோட்டை வைத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே அந்த வகுப்பில் பாடம் நடத்த முடிந்தது. "எனக்கு வடிவியல் பிடிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்று அந்த மாணவி கேட்டாள். யார் சொன்னது என்று சொன்னேன். நீங்களும் இந்த ஆண்டு ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மாறுதல் வராவிட்டால் அடுத்த ஜூனில் 10ஆம் வகுப்பாசிரியருக்குத் தரலாம். எழுதும்போது அந்த மாணவனே அதைப் படிக்க நேர்ந்தாலும் சங்கடம் இல்லாதபடி எழுதுங்கள்.